ஹோலுக்கு எது சரி? எல் ஷேப் சோபாவா, மொறட்டுவை செற்றியா, பிரம்புக் கதிரையா

கொழும்பில புது வீட்டுக்குப் போற ஆக்கள் பெயின்ற், கேட்டின், லைட் எண்டு எல்லாத்துக்கும் மண்டையைப் போட்டு உடைப்பினம், ஆனா ஹோல்ல இருக்கிறதுக்கு என்ன போடுறது எண்டதை மட்டும் ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஷோரூமுக்குப் போய் ஏசிக்குள்ள நிண்டு அவசரத்தில முடிவெடுத்திட்டு வந்திடுவினம். அந்த ஏசியாலதான் வில்லங்கமே. ஷோரூம்ல எந்தச் சோபாவில இருந்தாலும் சுகமாத்தான் இருக்கும். ஏப்ரல் மாசம் மத்தியானம், கரண்டும் போயிட்டுது, அந்த நேரம் உங்கட ஹோல்ல அதில இருந்து பாருங்கோ, அப்ப விளங்கும்.

என்ர கட்சியை முதல்லயே சொல்லிப்போடுறன். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை பக்கம் வாடகை ஃப்ளாட்டில இருக்கிறவைக்கு கழட்டித் தோய்க்கிற குசன் போட்ட மொறட்டுவை மரச் செற்றிதான் சரி, அதாவது தச்சு வேலைக்குப் பேர்போன மொறட்டுவையில செய்யிற, சாய்வும் கைபிடியும் வைச்ச நீள மரக் கதிரை. சொந்த வீடு, விறாந்தை, கொஞ்சம் முத்தம் எண்டு இருக்கிறவைக்குக் கதை வேற, அதுக்குப் பிறகு வாறன்.

இப்ப எல்லாற்ற ஆசையும் எல் ஷேப் ரெக்சின் சோபாதான். வடிவில குறை சொல்லேலாது, போட்டோவுக்கு நல்லா இருக்கும், துணியால ஒருக்காத் துடைச்சா சுத்தம், தவணைக் காசுக்கும் தருவாங்கள். ஆனா லெதர் எண்டு சொல்லி விக்கிறதில முக்கால்வாசி துணிக்கு மேல பொலியூரித்தேன் பூசினதுதான். அந்தப் பூச்சுக்கு ஈரப்பதன் ஆகாது, காத்தில இருக்கிற ஈரமே மெல்ல மெல்ல அதை உள்ளுக்க உடைச்சுக்கொண்டு வரும், நாங்கள் பாவிச்சாலும் சரி பாவிக்காட்டியும் சரி. கொழும்பில காத்து எப்பவும் ஈரம்தான், வருசம் முழுக்க 80 வீதத்தைச் சுத்தித்தான் நிக்கும். அதுக்கு மேல எங்கட ஆக்கள் தலைக்கு நல்லெண்ணையோ தேங்காயெண்ணையோ வைச்சிட்டு வந்து நல்லாச் சாய்ஞ்சிருப்பினம், அந்த எண்ணையும் வேர்வையும் படுற தலைமாட்டிலயும் கைபிடியிலயும்தான் முதல்ல வெடிப்பு விழும், பிறகு பொருக்குப் பொருக்கா உரிஞ்சு கறுப்புச் செதில் ரைல்ஸ் முழுக்கக் கொட்டும், சீலை கட்டிக்கொண்டு வந்த மாமி எழும்பேக்க பின்பக்கம் முழுக்க ஒட்டியிருக்கும். உரியத் தொடங்கினா நிப்பாட்டேலாது, திருப்பி ரெக்சின் அடிக்கக் கேக்கிற காசு புதுசு வாங்கலாமோ எண்டு யோசிக்க வைக்கும். பழைய பிவிசி ரெக்சின் இப்பிடிச் செதிலா உரியாது, ஆனா காலப்போக்கில விறைச்சு மடிப்பில கிழியும், வெறுங்காலோட அரைக் காற்சட்டை போட்டுக்கொண்டு இருந்தா தொடை ஒட்டிப் பிடிக்கும்.

அதுக்குத்தான் சிலர் கடையில வந்த பொலித்தீன் உறையைக் கழட்டாமலே வருசக்கணக்கா வைச்சிருக்கினம். அதில போய் இருக்கிற விருந்தாளியின்ர நிலைமையை நான் சொல்லத் தேவையில்லை.

துணி போட்ட சோபா ரெக்சினை விட குளிர்ச்சி, உரியிற கதை இல்லை. ஆனா துணியைக் கழட்டேலாத மாதிரி அடிச்சிருந்தா வாங்காதேங்கோ. பேத்டே பார்ட்டியில ஒரு பெடியன் நெக்டோ சோடா ஊத்தினாப் போதும், அந்தச் சிவப்பு கடைசிவரைக்கும் உங்களோட இருக்கும். மழைக்காலத்தில ஒரு புளிச்ச மணமும் வரும். வெல்வெட் எண்டா இன்னும் மோசம், அது குளிர் நாட்டுச் சாமான்.

ரெண்டு சோபாவுக்கும் பொதுவான ஒரு விசயம் இருக்கு, அது உள்ளுக்க என்ன இருக்கெண்டது. கடையில வெக்கப்படாம சொல்லி ஒருக்காப் பிரட்டிப் பாருங்கோ. அடியில ஒரு கறுப்புத் துணி ஸ்டேப்பிள் அடிச்சு இருக்கும், அதை ஒரு மூலையில கொஞ்சம் விலத்தினா எல்லாம் தெரியும்: பெட்டி உடைச்ச பைன் பலகையா, பிளைவூட்டா, மரத்தூளை அமத்திச் செய்த எம்டிஎஃப்பா, மூலையில ஆணி மட்டுமா இல்லாட்டி முக்கோணக் கட்டையும் ஸ்க்ரூவும் போட்டிருக்கா எண்டு. எம்டிஎஃப் எண்டா நாங்கள் ஒவ்வொரு நாளும் மொப் அடிக்கிற தண்ணிக்கே கால் பக்கம் பாண் மாதிரி ஊதிப்போடும். கடல் பக்கம், மரைன் டிரைவுக்குக் கிட்ட இருக்கிறவை இன்னொண்டும் பாக்கோணும், உப்புக் காத்துக்கு ஸ்டேப்பிளும் ஸ்பிரிங்கும் துரு பிடிக்கும், குரோம் கால் புள்ளி புள்ளியா வரும். கடைக்காரன் பாக்க விடமாட்டன் எண்டா வேற கடைக்குப் போங்கோ, அவ்வளவுதான்.

லிஃப்ட் பிரச்சினையை மறந்திட்டன் எண்டு நினைக்காதேங்கோ. எங்கட லேன் ஃப்ளாட்டுகளில இருக்கிற லிஃப்டுக்குள்ள ஏழடி மூண்டு பேர் சோபா போகாது, படியால தூக்கேக்க ஒவ்வொரு வளைவிலயும் சுவர்ப் பெயின்ற் போகும். எல் ஷேப் எண்டா அந்த எல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கெண்டது உங்கட இப்பத்தய ஹோலுக்குச் சரியா இருக்கும், அக்ரிமென்ட் முடிஞ்சு அடுத்த ஃப்ளாட்டுக்குப் போனா பல்கனிக் கதவை மறைச்சுக்கொண்டு நிக்கும். வாடகைக்கு இருக்கிறவை ஏன் இதை யோசிக்கினம் இல்லை எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை.

இனி மொறட்டுவைக்கு வருவம். வெள்ளவத்தையில இருந்து காலி வீதியால 101 பஸ்ஸில ஏறினா நேர அங்கதான். வீதிக் கரையில இருக்கிற பெரிய ஷோரூமுகளில நிக்காம உள்ளுக்க மொறட்டுமுல்ல பக்கம் போனா வீட்டுக்கு வீடு தச்சு வேலை நடக்கும், மரத்தூள் மணம், சீவுளிச் சத்தம், வாசல்ல பொலிஷ் காயிற கதிரைகள். அங்க அளவு சொல்லிச் செய்விக்கலாம் எண்டதுதான் பெரிய வசதி. ரெடிமேட் சோபா எல்லாம் பதிவா, ஆழமா வரும், ரீவி பாத்துக்கொண்டு காலை நீட்டிப் படுக்கிற ஆக்களுக்கு அது சரி. எங்கட வீட்டுக்கு வாறது ஆர்? முழங்கால் நோவோட பெரியம்மா, சீலையோட மாமிமார், வேட்டியோட ஐயா. அவையள் அதுக்குள்ள இருந்திட்டு எழும்பிறதுக்கு ரெண்டு பேர் கை குடுக்கோணும். தச்சு வேலை செய்யிற பாஸிட்ட சொல்லுங்கோ, குசன் போட்டு ஆள் இருந்த பிறகும் நிலத்தில இருந்து 17, 18 இஞ்சி உயரம் வரோணும், ஆழம் 20, 21 இஞ்சி போதும், கைபிடி ஊன்றி எழும்பிற மாதிரி தட்டையா இருக்கோணும் எண்டு. கைபிடி கொஞ்சம் அகலமாப் போட்டா தேத்தண்ணிக் கோப்பை வைக்கவும் உதவும்.

மரத்தில தேக்குத்தான் ராசா, அதிலயே ஒரு எண்ணைப்பிடிப்பு இருக்கு, வைரம் பாய்ஞ்ச பகுதியில கறையான் லேசில வராது. விலையும் ராசா விலைதான். மஹோகனி அதைவிடக் குறைவு, தூக்கவும் லேசு, வீட்டுக்குள்ள பாவிக்க நான் அதையே சொல்லுவன். பலா மரம் நல்ல உறுதி, புதுசில மஞ்சளா இருந்து போகப் போகக் கபில நிறமாகும், அந்த நிறம் பிடிச்சவைக்குப் பிடிக்கும். றப்பர் மரம் மலிவு, போரன் மருந்து ஏத்தியிருந்தாச் சரி, ஏத்தாததெண்டா கொஞ்ச நாளில சின்னச் சின்ன ஓட்டையும் கீழ மாவு மாதிரித் தூளும் தெரியும். எந்த மரமெண்டாலும் நல்லாக் காய்ஞ்சதோ எண்டு கேளுங்கோ. ஈர மரத்தில செய்தது வீட்டுக்கு வந்து ஏசிக்குள்ள காய்ஞ்சு சுருங்கி, பொருத்து விட்டு, ஆள் இருக்கேக்க கிறீச் எண்டு கத்தும். பொலிஷ் அடிக்க முதல் போய்ப் பாத்தா இன்னும் நல்லம், பொலிஷும் புட்டியும் போட்ட பிறகு எந்த வெடிப்பும் தெரியாது, ரெண்டு வித மரம் கலந்திருந்தாலும் தெரியாது.

குசனை வேறயா யோசிக்கோணும், மொறட்டுவைக்காரர் கூடுதலா மரத்தில கவனம் எடுத்திட்டு ஸ்பொஞ்சில கை வைப்பினம். இருக்கிற குசனுக்கு அடர்த்தி 28 இல்லாட்டி 32 எண்டு கேளுங்கோ, ஒரு கன மீற்றர் அவ்வளவு கிலோ எண்டதுதான் அந்தக் கணக்கு, இருபதுக்குக் கீழ எண்டா முதல்ல இருந்து பாக்கேக்க பஞ்சு பஞ்சா இருக்கும், ஒரு தீபாவளி தாண்டேக்க நடுவில குழி விழும். தடிப்பு நாலு இஞ்சி. கீழ பலகையை மொத்தமா மூடி அடிக்காம இடைவெளி விட்டு சட்டம் போடச் சொல்லுங்கோ, காத்து ஓடினாத்தான் வேர்வை காயும், பூஞ்சணமும் பிடியாது. உறைக்கு சிப் வைச்சு ரெண்டு செட் தைச்சு வைச்சா ஒண்டு தோய்க்க ஒண்டு போடலாம். துணிக்கு புறக்கோட்டை ரெண்டாம் குறுக்குத்தெரு, கெய்சர் வீதிப் பக்கம் போனா மீற்றர் கணக்கில மலிவா எடுக்கலாம். கொஞ்சம் காசு செலவழிக்கிற யோசினை எண்டா கைத்தறிப் பருத்தி, பாபரா சன்சோனி 1960களில தொடங்கின பெயார்ஃபுட் கடை காலி வீதியில கொள்ளுப்பிட்டிப் பக்கம் இருக்கு, அந்த நிறக் கோடுகளைப் பாத்தா ஹோலே ஒரு களையாயிடும், எல்லாக் குசனுக்கும் வேண்டாம், சாயிற சின்னக் குசனுக்கு மட்டும் எடுத்தாப் போதும். ஒண்டு கவனம், கடல் பாத்த ஃப்ளாட்டுக்குப் பின்னேர வெயில் நேர உள்ளுக்க அடிக்கும், கடும் நீலமும் சிவப்பும் அந்த வெயிலுக்கு வெளிறிப்போகும்.

மர செற்றியில குறை இல்லையோ எண்டா இருக்கு. சோபா மாதிரிப் புதைஞ்சு படுத்து நெட்ஃபிளிக்ஸ் பாக்கேலாது. தூக்கக் கனம். சின்னப் பிள்ளையள் உள்ள வீட்டில மூலை தலையில இடிக்கும், அதால முனையை உருட்டச் சொல்லோணும். சொன்ன திகதிக்கு வேலை முடியாது எண்டதையும் சேத்துக்கொள்ளுங்கோ, பாஸ் "அடுத்த கிழமை" எண்டு சொன்னா அது எந்தக் கிழமை எண்டு கேக்கப்படாது. நவராத்திரிக்கோ தைப்பொங்கலுக்கோ வேணுமெண்டா ரெண்டு மாசம் முதல்லயே குடுங்கோ, காசைப் பாதி குடுத்திட்டு மிச்சத்தை சாமான் வீட்டுக்கு வந்த பிறகு குடுங்கோ.

பிரம்பு எனக்கு மனசுக்குப் பிடிச்சது, மூளை வேண்டாம் எண்டுது. கண்டி வீதியில நிட்டம்புவ தாண்டி ரதாவடுன்ன, வேவல்தெனிய பக்கம் ரெண்டு கரையிலயும் பிரம்புக் கடைதான், தொங்குற ஊஞ்சல், வட்டக் கதிரை எல்லாம் வெளியில தொங்க விட்டிருப்பினம். காத்து நல்லா ஊடுருவும், ஒரு கையால தூக்கி இடம் மாத்தலாம், விருந்துக்கு ஆக்கள் கூடினா சுவரோட தள்ளி விடலாம். ஆனா மூடின ஃப்ளாட்டில மழைக்காலம் பூஞ்சணம் பிடிக்கும், பின்னலுக்குள்ள தூசி போய் இருந்தா பிரஷ் போட்டுத்தான் எடுக்கோணும், பாரமான ஆள் கைபிடியில இருந்தா கட்டு அவிழும். ஒண்டோ ரெண்டோ கதிரையா, பல்கனிப் பக்கம் போட்டா அருமை. முழு செட்டும் பிரம்பில எடுக்கிறது ஹோட்டல்காரருக்குச் சரி.

மரச் சட்டத்துக்கு நடுவில பிரம்பு பின்னின பழைய சாய்மனைக் கதிரை உங்கட அப்பப்பா வீட்டில கிடந்தா, கடவுளே எண்டு வித்துப்போடாதேங்கோ. கையால பின்னின இருக்கை தொய்ஞ்சா அடிப்பக்கத்தை ஈரத் துணியால நல்லா நனைச்சு நிழல்ல காய விட்டா இழுத்துப் பிடிச்சுக்கொள்ளும். அறுந்திருந்தாத்தான் திருப்பிப் பின்னோணும்.

சோபா கம் பெட் பற்றிக் கேக்கிற ஆக்கள் கனபேர். காரணம் தெரிஞ்சதுதான், யாழ்ப்பாணத்திலயோ மட்டக்களப்பிலயோ இருந்து விசா அலுவல், ஆஸ்பத்திரி, எயார்ப்போர்ட் எண்டு சொந்தக்காரர் வந்து தங்கிறது எங்கட வீடுகளில வழமை, ஓகஸ்ட் மாசம் லண்டன், கனடாக்காரரும் சேந்திடுவினம். அது இருக்கவும் அரைகுறை, படுக்கவும் அரைகுறை எண்டதுதான் என்ர அபிப்பிராயம், நடுவில வாற பொருத்து சரியா இடுப்புக்குக் கீழ நிக்கும், இரும்பு மடிப்பு உப்புக் காத்துக்கு இறுகிப்போகும். அதுக்குப் பதிலா செற்றியை உள்ளளவு ஆறடி வாற மாதிரிச் செய்வியுங்கோ, சாயிற குசனை எடுத்து விட்டா ஒராள் காலை நீட்டிப் படுக்கலாம். மிச்ச ஆக்களுக்கு மடிக்கிற மெத்தை ரெண்டு அலுமாரிக்கு மேல.

சொந்த வீட்டுக்காரருக்கு நான் சொல்லுறது திண்ணை. தெஹிவளை, இரத்மலானைப் பக்கம் விறாந்தை வைச்சுக் கட்டுறவை, செங்கல்லால கட்டி மேல சீமெந்தை மினுக்கி ஒரு நீளத் திண்ணை போட்டா கறையான் இல்லை, துரு இல்லை, தவணைக் காசும் இல்லை, மேல பன்பாயும் மெல்லிய குசனும் போட்டாச் சரி, எட்டுப் பத்துப் பேர் வரிசையா இருந்து கதைப்பினம். இப்ப பாவா ஸ்டைல் எண்டு சொல்லி ஆர்கிடெக்மார் பெரிய காசுக்குப் போட்டுக் குடுக்கிறதும் கிட்டத்தட்ட இதைத்தான், ஜெஃப்ரி பாவா எண்ட பேர்போன ஆர்கிடெக் திரும்பத் திரும்பச் செய்து காட்டினதும் முத்தம், விறாந்தை, காத்து எண்ட அதே விசயம்தான். ஊரில எங்கட வீடுகளில கிடந்ததைக் கொழும்பில காசு குடுத்து வாங்கிறம். மழைச் சாரல் படாத மாதிரி கூரையை மட்டும் வெளியால நீட்டுங்கோ. பின்பக்கச் சுவரில நேர சாய்ஞ்சா முதுகு குளிரும், சுவர் ஈரம் குடிச்சா பெயின்றும் சட்டையில ஒட்டும், அதுக்குத் தலாணி வேணும். வாடகை ஃப்ளாட்டுக்கு இதை யோசிக்கவே வேண்டாம், வீட்டுக்காரன் விடமாட்டான்.

கடைசியா ஆக்கள் கணக்கு. ஹோல்ல ஒவ்வொரு நாளும் இருக்கிறது நாலைஞ்சு பேர்தான், பேத்டேக்கு வாறது முப்பது பேர். அந்த முப்பது பேருக்காக வருசம் முழுக்க ஹோலை அடைச்சு சோபா போட்டு வைக்கிறதில அர்த்தமில்லை. ஒரு மூண்டு பேர் செற்றி, ரெண்டு தனிக் கதிரை, காலுக்குக் கீழ தள்ளி விடுற ரெண்டு முக்காலி, அவ்வளவும் நிரந்தரம். மிச்சத்துக்கு ஒண்டுக்குள்ள ஒண்டு அடுக்கிற பிளாஸ்டிக் கதிரை ஆறு வாங்கி பல்கனியில ஒரு தூணா அடுக்கி வைச்சிட்டு, இன்னும் தேவைப்பட்டா வாடகைக்கு எடுங்கோ, எல்லா இடத்திலயும் கதிரை வாடகைக்குக் குடுக்கிற ஆக்கள் இருக்கினம், பின்னேரம் கொண்டு வந்து இறக்கி அடுத்த நாள் காலமை ஏத்திக்கொண்டு போயிடுவாங்கள். ஃப்ளாட் செக்கியூரிட்டியிட்ட முதல் நாளே சொல்லி வையுங்கோ, இல்லாட்டி லொறியைக் கேட்டுக்குள்ள விடமாட்டாங்கள்.