புது கார் வாரண்டி: நீளமாகக் கொடுப்பது யார், ஏன்?

இது கார் விமர்சனம் இல்லை, காரோடு சேர்த்து நம் தலையில் கட்டப்படும் வாரண்டியைப் பற்றிய விமர்சனம். தங்கைக்குக் கார் பார்க்கலாம் என்று மதுரையில் ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கியதில், கார்களைவிட வாரண்டி புத்தகங்களைத்தான் அதிகம் படித்தேன். முன்பெல்லாம் "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்" என்பதில் ஆரம்பிக்கும் பேச்சு, இப்போது வாரண்டியில் ஆரம்பிக்கிறது. ஒரு மின்கார் ஷோரூமில் கதவைக்கூடத் திறந்து காட்டவில்லை, அதற்குள் "பேட்டரிக்கு லைஃப்டைம் வாரண்டி மேடம், நீங்க கவலையே பட வேணாம்" என்றார் அந்தத் தம்பி. கவலைப்பட வேண்டாம் என்று ஒருவர் முந்திக்கொண்டு சொன்னால் எனக்குக் கவலை வந்துவிடும்.

சரி, வாரண்டி நீளமாக இருந்தால் கார் நன்றாக விற்குமா? நம் சந்தையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. மாருதி சுஸுகி 2024 ஜூலை வரை கொடுத்தது 2 வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதோடு முடிந்தது. ஹூண்டாய் அப்போதே 3 வருடம், கிலோமீட்டர் வரம்பு இல்லாமல் கொடுத்துக்கொண்டிருந்தது. ஸ்கோடா குஷாக், ஃபோக்ஸ்வேகன் டைகூன் இரண்டும் 4 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டரோடு வந்தன. எம்ஜி 2019-ல் ஹெக்டரை இறக்கியபோது 5 வருடம், எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளுங்கள் என்றது. விற்பனை? கடைசியாகச் சொன்ன மூன்று பெயர்களையும் கூட்டினாலும் சந்தையில் பத்து சதவீதம் தேறாது. மாருதி மட்டும் கிட்டத்தட்ட நாற்பது.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். உசிலம்பட்டியில் வண்டி நின்றாலும் சங்கரன்கோவிலில் நின்றாலும் ஸ்விஃப்டைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஒரு மெக்கானிக் இருப்பார், சாமான் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும், விலை கையைக் கடிக்காது. அந்தத் தைரியம் இருக்கிறவனுக்கு வாரண்டி இரண்டு வருடமா மூன்று வருடமா என்பது பெரிய விஷயமே இல்லை. ஊரில் பெயர் இன்னும் நிலைக்காத கம்பெனிதான் அந்தத் தைரியத்தைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் நீளமான வாரண்டியைப் பார்த்தால் நான் முதலில் கேட்கும் கேள்வி, இவர்கள் எந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்கிறார்கள் என்பது.

இதற்கு அமெரிக்காவில் ஹூண்டாய் செய்ததைவிடச் சரியான உதாரணம் கிடையாது. 1986-ல் எக்செல் என்ற சின்னக் காரோடு உள்ளே போனார்கள், விலை 5,000 டாலருக்குக் கொஞ்சம் கீழே. முதல் வருடமே ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது. அப்புறம் வண்டிகள் ஒவ்வொன்றாகத் தகராறு செய்ய ஆரம்பிக்க, ராத்திரி டிவி நிகழ்ச்சிகளில் கிண்டல் அடிக்கிற அளவுக்குப் பெயர் கெட்டு, 1998-ல் வருட விற்பனை ஒரு லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. அந்த வருடக் கடைசியில்தான் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 10 வருடம் அல்லது 1 லட்சம் மைல் என்று அறிவித்தார்கள். முழு வண்டிக்கும் 3 வருடம், 36,000 மைல் என்பது பலருக்கும் வழக்கமாக இருந்த ஊரில் இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்திருக்கும். ஆனால் 1999-ல் விற்பனை 1,60,000-ஐத் தாண்டியது, 2000-ல் 2,40,000-ஐத் தாண்டியது. அதே 1998-ல்தான் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வந்தது என்பது இன்னொரு வேடிக்கை. அங்கே நம்பிக்கைக்குப் பத்து வருட வாரண்டி, இங்கே விளம்பரத்தில் ஷாருக் கான்.

அந்த வாரண்டி வேலை செய்ததற்குக் காரணம் வெறும் நீளம் இல்லை. மோசமான வண்டியைச் செய்துவிட்டுப் பத்து வருடம் இலவசமாகச் சரி செய்தால் கம்பெனி திவாலாகிவிடும் என்று வாங்குகிறவருக்கும் தெரியும், ஆகவே வண்டியை ஒழுங்காகச் செய்திருப்பார்கள் என்று அவரே யூகித்துக்கொள்கிறார். உண்மையிலேயே வண்டிகளின் தரமும் அந்தச் சமயத்தில் ஏறிக்கொண்டு வந்தது, அது இல்லாமல் இது நடந்திருக்காது. இன்னொன்று, பத்து வருடம் என்பது முதல் உரிமையாளருக்கு மட்டும், கை மாறினால் 5 வருடம், 60,000 மைல்தான். பத்து வருடம் ஒரே காரை வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? விளம்பரத்தில் பெரிய எண், கணக்குப் புத்தகத்தில் அவ்வளவு பெரிய செலவில்லை. கிறைஸ்லர் இதையும் தாண்டி 2007-ல் எஞ்சின், கியர்பாக்ஸுக்கு ஆயுள் முழுக்க என்று கொடுத்துப் பார்த்தது. 2009-ல் கம்பெனியே திவால் மனு கொடுத்தது, அந்த வாரண்டியும் அந்த வருடத்தோடு நின்றது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2024 ஜூலை 9 முதல் டெலிவரியாகும் வண்டிகளுக்கு மாருதி 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் என்று மாற்றியது. செய்திகளில் "ஒரு வருடம் கூடுதல்" என்றுதான் வந்தது, ஆனால் விஷயம் கிலோமீட்டரில் இருக்கிறது. மாதம் 2,500 கிலோமீட்டர் ஓட்டும் ஒரு மருந்துக் கம்பெனி ரெப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வாரண்டி அவருக்குப் பதினாறு மாதத்தில் முடிந்துவிடும். புதியது முழு முப்பத்தாறு மாதமும் நிற்கும், கடைசியில் பத்தாயிரம் கிலோமீட்டர் மிச்சம்கூட இருக்கும். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்குத்தான் இது வெறும் ஒரு வருடம்.

குறைவாக ஓட்டுகிறவர்களுக்கு வேறொரு கண்ணி இருக்கிறது. காரைக்குடியில் இருக்கும் என் சித்தப்பா ஓய்வு பெற்றவர், கோயில், ஆஸ்பத்திரி, எப்போதாவது கல்யாணம், அவ்வளவுதான் ஓட்டம். சர்வீஸ் "10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம்" என்று எழுதியிருப்பதில் அவர் முதல் பாதியை மட்டும் படித்து, இன்னும் கிலோமீட்டர் ஆகவில்லையே என்று ஒரு வருட சர்வீஸை விட்டுவிட்டார். வாரண்டி இருக்கும்போதே ஏசி கம்ப்ரசர் போனது. சர்வீஸ் அட்வைசர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டி, "போன வருஷம் வண்டி வரவே இல்லையே சார், கம்பெனி ரிஜெக்ட் பண்ணிடும்" என்றார். ஏசிக்கும் ஆயில் மாற்றாததற்கும் என்ன சம்பந்தம் என்று சித்தப்பா கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. இரண்டு வாரம் அலைந்து, மெயில் மேல் மெயில் போட்டு, கடைசியில் "குட்வில்" என்று பாதித் தொகையை ஏற்றுக்கொண்டார்கள். எந்த டீலர் என்று சொல்லப் போவதில்லை, எந்தப் பிராண்டு சர்வீஸ் சென்டரிலும் நடக்கக்கூடியதுதான். புத்தகத்தில் மூன்று வருடம் என்று இருப்பது ஒன்று, சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டு (வேலைச் சீட்டு) போடுகிறவர் மனசு வைப்பது வேறொன்று.

வாரண்டியில் வராதவற்றின் பட்டியலையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். பிரேக் பேட், கிளட்ச் தகடு, வைப்பர், டயர் எல்லாம் தேய்மானம், பொதுவாக வராது. எலி ஒயரைக் கடித்தால் வராது, நம் ஊரில் பார்க்கிங்கில் நிற்கும் வண்டிக்கு இது எவ்வளவு சகஜம் என்று சொல்லத் தேவையில்லை. மழைத் தண்ணீருக்குள் ஸ்டார்ட் செய்து எஞ்சினுக்குள் தண்ணீர் போனாலும் வராது, அது இன்சூரன்ஸ் சமாசாரம், அதிலும் எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் பாதுகாப்பைத் தனியாக எடுத்திருக்க வேண்டும். வெளிக் கடையில் ஒயரை வெட்டி ஹாரன், லைட், டேஷ்கேம் மாட்டினால் எலக்ட்ரிகல் கோளாறு எது வந்தாலும் அதைத்தான் கைகாட்டுவார்கள்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி, அதாவது காசு கொடுத்து வாரண்டியை நீட்டித்துக்கொள்வது பற்றி. மாருதியில் நான்காவது, ஐந்தாவது, ஆறாவது வருடம் வரை தனித்தனியாக வாங்கலாம், ஆறு வருடத்துக்கு வரம்பு 1,60,000 கிலோமீட்டர். ஏசி கம்ப்ரசர், ஈசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), ஸ்டீயரிங் மோட்டார் மாதிரி ஒரே அடியில் பெரிய பில் போடும் சாமான்களுக்குப் பயப்படுகிறவர்களுக்கு இது நல்ல பொருள். ஆனால் ஷோரூமில் கொட்டேஷன் போடும்போது இதை எக்ஸ்-ஷோரூம் விலை, ரோடு டாக்ஸ், இன்சூரன்ஸ் எல்லாவற்றோடும் ஒரே வரிசையில் எழுதிவிடுவார்கள், கட்டாயம் போலவே தெரியும். கட்டாயம் இல்லை. பெரும்பாலான கம்பெனிகளில் முதல் வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், தள்ளிப்போடப் போட விலை ஏறலாம், அவ்வளவுதான். வாங்கும்போது "இது கம்பெனியுடைய வாரண்டியா, டீலர் வேறு ஏஜென்சியோடு சேர்ந்து விற்பதா" என்று மட்டும் கேளுங்கள். இரண்டாவது வகையை நான் தொடமாட்டேன்.

மின்கார்களில்தான் அமெரிக்க ஹூண்டாய் கதை திரும்ப நடக்கிறது. வாங்குகிறவரின் பயம் ஒன்றே ஒன்று, பேட்டரி போனால் கார் விலையில் பெரும் பங்கு போய்விடுமே என்பது. முன்பு 8 வருடம், 1,60,000 கிலோமீட்டர் என்று கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அந்தப் பயம் அதற்கு அடங்கவில்லை. 2024-ல் எம்ஜி வின்ட்சர் முதல் உரிமையாளருக்குப் பேட்டரிக்கு லைஃப்டைம் வாரண்டியோடு வந்தது, பல மாதங்கள் நாட்டிலேயே அதிகம் விற்ற மின்கார் அதுதான். பேட்டரியை வாடகைக்கு எடுத்தால் 9.99 லட்சம் என்று ஆரம்ப விலையைக் குறைத்ததும் ஒரு காரணம், வாரண்டிக்கு மட்டும் பெருமையைக் கொடுக்க முடியாது. ஆனால் போட்டிக்காரர்கள் நகலெடுத்தது வாரண்டியைத்தான். மகிந்திரா பிஇ 6, எக்ஸ்இவி 9இ இரண்டுக்கும், டாடா 2025-ல் ஹாரியர் மின்காருக்கும் லைஃப்டைம் என்று அறிவித்தன.

லைஃப்டைம் என்றால் யார் லைஃப் என்று அந்த ஷோரூமில் கேட்டேன். தம்பி சிரித்துவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டார். டாடாவில் அது முதல் பதிவிலிருந்து 15 வருடம், முதல் உரிமையாளருக்கு. மகிந்திராவில் தனியார் பதிவுக்கும் முதல் உரிமையாளருக்கும் மட்டும், கை மாறினால் 10 வருடம் அல்லது 2 லட்சம் கிலோமீட்டர். இது உண்மையிலேயே தாராளம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான்காவது வருடம் விற்கப் போகும்போது, உங்களிடம் வாங்குகிறவருக்கு லைஃப்டைம் கிடையாது, அதை வைத்துத்தான் அவர் விலையை அடிப்பார். பேட்டரியின் கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள், பல கம்பெனிகள் 70 சதவீதம் என்று வைத்திருக்கின்றன.

கம்பெனி ஊரில் இருக்குமா என்பது கடைசிக் கேள்வி. ஃபோர்டு 2021-ல் இந்தியாவில் வண்டி செய்வதை நிறுத்துவதாக அறிவித்தபோது மறைமலைநகரில் வேலை போனவர்கள் ஒரு பக்கம், எக்கோஸ்போர்ட் வாங்கியவர்கள் ஒரு பக்கம் முழித்துக்கொண்டிருந்தார்கள். சர்வீஸும் சாமானும் தொடரும் என்று ஃபோர்டு சொன்னது, ஆனால் பழைய வண்டி விலையில் அந்த வாக்குறுதியை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது தூத்துக்குடியில் ஃபேக்டரி திறந்து வின்ஃபாஸ்ட் என்ற வியட்நாம் மின்கார் கம்பெனி வந்திருக்கிறது. அவர்கள் வாரண்டியைவிட, தென்மாவட்டங்களில் எத்தனை சர்வீஸ் சென்டர் திறக்கிறார்கள் என்பதைத்தான் நான் எண்ணிக்கொண்டிருப்பேன்.

தங்கை மாதம் ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டமாட்டாள். அவளுக்குக் கிலோமீட்டர் வரம்பு ஒரு பிரச்சினையே இல்லை, வருடம்தான் முக்கியம். மாருதியையே எடுத்து, ஆறு வருட எக்ஸ்டெண்டட் வாரண்டியைச் சேர்த்துக்கொண்டோம். டெஃப்லான் கோட்டிங், அண்டர்பாடி கோட்டிங், சீட் கவர் எல்லாவற்றையும் கொட்டேஷனிலிருந்து அடிக்கச் சொன்னோம். வருட சர்வீஸ் தேதியைச் சித்தப்பாதான் அவள் போனில் ரிமைண்டராகப் போட்டுக் கொடுத்தார்.