'டேக்' என்ற ஒற்றை வினைக்கு ஒரு டியூட்: காசு கொடுத்து வாங்கலாமா?

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரப் போட்டோகொப்பிக் கடைகளில் ஆங்கில டியூட்டுகளுக்கு, அதாவது கொப்பியடித்து விற்கும் பாடக்குறிப்புகளுக்கு, பஞ்சமில்லை. அனேகமானவை பன்னிரண்டு காலங்களையும் அட்டவணையாகப் போட்டுவிட்டு அத்தோடு ஓய்ந்துவிடும். இது வேறு மாதிரி. 24 ஏ4 பக்கங்கள், ஓரத்தில் இரண்டு ஸ்டேப்ளர் பின், உள்ளே ஒரே ஒரு வினைச்சொல்: டேக் (take). விலை 300 ரூபாய். ஆக்கியவர் பெயர் இல்லை. கந்தோர் வேலைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு என்று மட்டும் அட்டையில் இருக்கிறது.

டேக்கைத் தெரிந்தெடுத்ததே பாதிப் புத்திசாலித்தனம். நமது 'எடு'வும் அதுவும் நெடுந்தூரம் ஒன்றாகவே நடக்கும். படம் எடு, கடன் எடு, முடிவு எடு, எவ்வளவு நேரம் எடுக்கும் - எல்லாவற்றிலும் டேக் அப்படியே பொருந்தும். அந்தத் தைரியத்தில் மற்ற எல்லா 'எடு'வுக்கும் டேக்கையே போடுகிறோம். பிழை அங்கேதான் வருகிறது. டியூட்டின் முதல் பாதி இந்தப் பிரிவை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறது. ஒரு பக்கத்தில் பொருந்தும் வசனங்கள், எதிர்ப்பக்கத்தில் சாம்பல் நிறப் பின்னணியில் பொருந்தாதவை.

தொலைபேசிப் பக்கம்தான் இதில் மணி. 'உங்களுக்கு நாளைக்குக் கோல் எடுக்கிறன்' என்பதை நம்மவர்கள் 'ஐ வில் டேக் அ கோல் டு யூ' என்று சொல்லிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் 'டேக் அ கோல்' என்றால் வருகிற அழைப்பை ஏற்றுப் பேசுவது. திசையே தலைகீழாகிவிடும். சொல்ல வேண்டியது 'ஐ வில் கிவ் யூ அ கோல்' அல்லது வெறுமனே 'ஐ வில் கோல் யூ'. மேலதிகாரி போனில் இருக்கும்போது யாராவது தேடி வந்தால் 'ஷி இஸ் டேக்கிங் அ கோல்' என்பது சரியான பதில். அடுத்த வரியில் இன்னொரு சோடி: வரவேற்பில் இருப்பவர் 'கேன் ஐ டேக் அ மெசேஜ்?' என்று கேட்பார். அழைத்தவர் 'கேன் ஐ லீவ் அ மெசேஜ்?' என்று கேட்பார். எழுதிக்கொள்பவருக்கு டேக், சொல்லிவிட்டுப் போகிறவருக்கு லீவ். இந்த ஒரு பக்கத்துக்கே 300 ரூபாய் சரி.

கடைப் பக்கமும் நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது. புறக்கோட்டையில் (பெட்டா) சாறி பார்த்து, பிடித்ததைக் காட்டி 'ஐ வில் டேக் திஸ் வன்' என்றால் வாங்க முடிவு செய்தாயிற்று என்று அர்த்தம். ஆனால் வீட்டுக்கு வந்து 'சாறி எடுத்தனான்' என்பதை 'ஐ டுக் அ சாறி ஃப்ரொம் அ ஷொப்' என்று சொன்னால், காசு கொடுக்காமல் தூக்கி வந்த மாதிரி ஒலிக்கும். கவுண்டரில் தீர்மானிக்கும்போது டேக், பிறகு அதைப் பற்றிச் சொல்லும்போது 'பை'யின் இறந்தகாலமான 'போட்' (bought).

மருந்துக்கு நம்மிடம் பல வினைகள்: பாணி மருந்தைக் குடிக்கிறோம், குளிசையைப் போடுகிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் டேக். 'ட்ரிங்க் த டெப்லெட்' என்பதை டியூட் வெட்டியிருப்பது சரியே. ஊசியையும் இங்கே சேர்த்திருக்கலாம்; அதற்கு 'ஹேவ் அன் இன்ஜெக்ஷன்' என்பதே வழக்கம். பசி எடுப்பது, வாந்தி எடுப்பது இரண்டிலும் டேக் இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். அது போதும்.

நேரத்துக்கான சூத்திரம் மனப்பாடம் செய்ய வேண்டியது: இட் டேக்ஸ், ஆள், நேரம், டு, வினை. 'இட் டேக்ஸ் மீ அன் அவர் டு கெட் டு பெட்டா.' 100ஆம் இலக்க பஸ்ஸில் தினமும் போகிறவர் 'இட் இஸ் டேக்கிங் அன் அவர் எவ்ரி டே' என்று சொல்வது, 'எடுக்குது' என்ற தமிழ் நிகழ்காலம் இழுத்துக்கொண்டு போவதால். வழமையாக நடப்பதற்கு டேக்ஸ். இன்றைக்கு மட்டும் நெரிசலில் சிக்கி இழுபடுகிறது என்றால் 'இஸ் டேக்கிங்'. இந்த வித்தியாசத்துக்கு டியூட்டில் ஒரே ஒரு உதாரணம். மூன்று நான்கு இருந்திருக்கலாம்.

பிரிங், டேக் குழப்பத்துக்கு இரண்டு பக்கம் செலவழித்தது வீண். கொண்டுவா, கொண்டுபோ என்று தமிழிலேயே தெளிவாக இருக்கிறதை ஏன் அம்புக்குறி போட்டு விளக்க வேண்டும்?

உச்சரிப்புக் குறிப்பில் ஒரு பிழை இருக்கிறது. இறந்தகாலத்தை 'டூக்' என்று நெடிலில் எழுதியிருக்கிறார்கள். 'புக்', 'குக்' போலக் குறில்தான்: டுக். மூன்றாம் வடிவம் 'டேக்கன்'. 'ஹி ஹேஸ் டுக்' என்பது கொழும்புக் கந்தோர்களில் அடிக்கடி காதில் விழும் பிழை. அதற்குத் தனிப் பயிற்சி கொடுத்திருப்பது நல்லது. ஆனால் 'டேக் ரெஸ்ட்' என்பதைச் சரியென்று குறித்திருப்பதை ஏற்க முடியாது. 'கெட் சம் ரெஸ்ட்' அல்லது 'டேக் அ ரெஸ்ட்' என்று எழுதிப் பழகுங்கள். மூன்றுசில்லுக்காரரிடம் சொல்லும் 'டேக் லெஃப்ட்'டும் அதே கதை: 'டேக் த நெக்ஸ்ட் லெஃப்ட்' அல்லது 'டர்ன் லெஃப்ட்'.

உண்மையில் கைவிட்ட இடம் கடைசி ஏழு பக்கம். டேக்கோடு ஒஃப், ஆஃப்டர், ஓவர், ஒன், அப், இன் எல்லாம் ஒட்டிவரும் சேர்க்கைகளை அகரவரிசையில் கொட்டி, எதிரே ஒரு தமிழ்ச்சொல். செயப்படுபொருள் எங்கே வரவேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. 'டேக் ஒஃப் யுவர் ஷூஸ்', 'டேக் யுவர் ஷூஸ் ஒஃப்' இரண்டும் சரி. ஆனால் 'தெம்' வந்தால் நடுவில்தான், 'டேக் தெம் ஒஃப்'. 'டேக் ஒஃப் தெம்' பிழை. விமானம் கிளம்புவதற்கு அதே டேக் ஒஃப் தனியாக நிற்கும்: 'த ஃப்ளைட் டுக் ஒஃப் அட் டென்'. 'டேக் ஆஃப்டர்' பிரியவே பிரியாது: 'ஷி டேக்ஸ் ஆஃப்டர் ஹெர் மதர்'. அதுவும் குடும்பத்து மூத்தவர்களின் சாயலுக்கு மட்டும். தங்கையைப் போல அக்கா இருக்கிறாள் என்பதற்குப் பாவிக்க முடியாது. இவை எதுவும் தெரியாமல் பட்டியலைப் பாடமாக்கினால் நேர்முகப் பரீட்சையில் கவிழ்வது நிச்சயம். நல்ல மாணவர் அகராதியொன்றை வைத்து ஒவ்வொரு சேர்க்கைக்கும் பக்கத்தில் 'பிரியும்', 'பிரியாது' என்று பேனையால் எழுதிக்கொண்டால் இந்தப் பகுதி ஓரளவு உருப்படும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிழையான வசனங்களைக் காட்டுவது அந்தச் சாம்பல் பின்னணி மட்டுமே; பக்கத்தில் புள்ளடி கிடையாது. கொப்பியிலிருந்து கொப்பி எடுத்து விற்கும் கடைகளில் அந்தச் சாம்பல் வெளிறிக் காணாமலே போய்விடுகிறது. அப்போது சரியும் பிழையும் ஒரே மாதிரித் தெரியும். காசைக் கொடுக்கமுன் தொலைபேசிப் பக்கத்தை விரித்து, எதிர்ப்பக்கம் சாம்பலாகத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மூலப்பிரதியிலிருந்து புதிதாக அடித்துத் தரச் சொல்லுங்கள்.