குடியாத்தத்தில் ஒரு தங்கவயல் மெஸ்

2001இல் கோலார் தங்கவயலின் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பின் சொந்த ஊரான குடியாத்தத்துக்குத் திரும்பிய குடும்பமொன்று நடத்தும் இந்தச் சிறிய மெஸ்ஸில், கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் தாராளமாகப் பாராட்டத்தக்கவை. களி கட்டியில்லாமல், விரலில் ஒட்டாமல் உருள்கிறது. குழம்பில் புளி சற்றுத் தூக்கல், களிக்கு அது பொருத்தமே. சாம்பார் சாதம் சுமார்தான்.

கல்லாவில் அமர்ந்திருக்கும் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தால் பேச்சு தங்கவயலுக்குப் போய்விடுகிறது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் பெருந்தொகையாகச் சென்ற தொழிலாளர்கள் 1930இல் தங்கள் கைரேகையைப் பதிவு செய்வதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது, குடியிருந்த லைன் வீடும் (வரிசை வீடு) சுரங்கக் கம்பெனியுடையதாக இருந்த அந்த ஊரில், கடனுக்குச் சாமான் கொடுத்து எழுதிவைக்கும் மளிகைக்கடைப் பற்று நோட்டுதான் அடுப்பை எரியவைத்தது என்று தம் பாட்டனார் சொன்னதை அவர் விவரிக்கிறார். (இதைக் கேட்பதற்காகவே இன்னொரு கரண்டி குழம்பு வாங்கலாம்.) அதனாலோ என்னவோ, நெசவு வேலைக்கும் பீடி வேலைக்கும் போகிறவர்களுக்கு, நூலில் பென்சில் கட்டித் தொங்கும் நீள நோட்டில் இன்றும் பற்று எழுதுகிறார்.

குறை என்றால் இடம்தான்: நான்கே மேசைகள், மின்விசிறி ஒன்று. ஒன்றரை மணிக்குமேல் களி தீர்ந்துவிடும். பார்சல் வாங்குவோர் குழம்புக்குத் தூக்குவாளி கொண்டுபோவது நல்லது. பிளாஸ்டிக் உறை கசிகிறது.