வீடா, சங்கா, பெரிய கட்சியா? திருகோணமலைத் தமிழ் வாக்குக்கு முன்னால் இருக்கும் வழிகள்

யாழ்ப்பாணத்தில் தேர்தல் கதை எடுத்தால் யார் வருவார் என்று கேட்பார்கள். திருகோணமலையில் "எங்கட ஆசனம் தப்புமா?" என்றுதான் கேட்கிறோம். மாவட்டத்துக்கு மொத்தமே நாலு ஆசனம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி முஸ்லிம்கள் ஏறத்தாழ 40 சதவீதம், தமிழர் 30 சதவீதத்துக்குச் சற்று மேல், சிங்களவர் 27 சதவீதம் அளவில். கிழக்கு மாகாணம் முழுவதையும் எடுத்தால் தமிழர் 40 சதவீதத்தை ஒட்டி வருகிறோம். ஆனாலும் கிழக்கு மாகாண சபையைத் தமிழ்க் கட்சியொன்று வென்று ஆண்டது கிடையாது.

இதற்கு என்ன வழி என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள். எல்லாத் தமிழ்க் கட்சியும் ஒரே பட்டியலில் நிற்க வேண்டும் என்பது ஒன்று. பெரிய தேசியக் கட்சியின் பட்டியலில் ஏற வேண்டும் என்பது இன்னொன்று. முஸ்லிம் கட்சிகளோடு உடன்பாடு வைக்க வேண்டும் என்பது மூன்றாவது. என் எண்ணம் இது: நாடாளுமன்ற ஆசனத்துக்கு ஒரே பட்டியல் கட்டாயம். மாகாணத்துக்கு அது மட்டும் காணாது.

முதலில் கணக்கைப் பார்ப்போம், சனத்துக்கு யாரும் இதை விளக்கிச் சொல்வதில்லை. மாவட்டத்தில் அதிக வாக்கு எடுத்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் போகிறது. 5 சதவீதத்துக்குக் கீழே எடுத்தவர்களை நீக்கிவிட்டு, மிச்ச மூன்று ஆசனத்தையும் விகிதப்படி பிரிக்கிறார்கள். 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி (சின்னம் திசைகாட்டி) 87,031, ஐக்கிய மக்கள் சக்தி 53,058, தமிழரசுக் கட்சி (சின்னம் வீடு) 34,168. போனஸ் திசைகாட்டிக்குப் போனது. மிச்ச மூன்றில் ஓர் ஆசனத்தின் விலை சுமார் 58,000 வாக்கு. திசைகாட்டி அதில் ஒன்றை முழுதாக எடுத்தபின் அதற்கு 28,945 வாக்கு மிஞ்சியது. கடைசி ஆசனத்துக்கு அந்த 28,945 உடன்தான் வீட்டின் 34,168 மோதியது. வித்தியாசம் 5,223. வீட்டிலிருந்து நாலாயிரம் வாக்கு பிரிந்து 5 சதவீதத்தைத் தாண்டாத இன்னொரு தமிழ்ப் பட்டியலுக்குப் போயிருந்தால், ஆசனத்தின் விலையும் அதற்கேற்பக் குறைந்து திசைகாட்டிக்கு மூன்றாவது ஆசனம் கிடைத்திருக்கும். நீண்டகாலம் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சம்பந்தன் ஐயா காலமான அதே ஆண்டிலேயே திருகோணமலையின் தமிழ் ஆசனமும் போயிருக்கும்.

அந்த நாலாயிரம் எங்கே இருந்தது என்பதும் தெரிந்ததுதான். இரண்டு மாதத்துக்கு முன் ஜனாதிபதித் தேர்தலில் சங்குச் சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் இந்த மாவட்டத்தில் பதினெட்டாயிரத்துக்கு மேல் எடுத்தார். அந்தச் சங்கை ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி தன் சின்னமாக எடுத்து, யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் தமிழரசுக்கு எதிராகவே நின்றது. திருகோணமலையில் மட்டும் இரண்டு பகுதியும் வீட்டின் கீழ் ஒரே பட்டியலாக நின்றன. கடைசி ஆசனத்தைக் காப்பாற்றியது அந்த முடிவுதான். பிரசாரமோ பேச்சோ அல்ல.

பிரிந்து நின்றால் என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போகத் தேவையில்லை. 2000 ஆம் ஆண்டு இங்கே எந்தத் தமிழ்க் கட்சிக்கும் ஆசனம் இல்லை. அடுத்த ஆண்டு தமிழ்க் கட்சிகள் சேர்ந்து தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உருவானது, சம்பந்தன் ஐயா திரும்பவும் நாடாளுமன்றம் போனார். 2020 இல் அம்பாறையில் கருணா கப்பல் சின்னத்தில் தனியே நின்று 29,000 வாக்குக்கு மேல் எடுத்தார், வீடு 25,000 அளவில் எடுத்தது. இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆசனம் நிச்சயம், ஆனால் தமிழருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு தமிழரசு தன் தேசியப்பட்டியல் இடத்தை அம்பாறைக்குக் கொடுக்க வேண்டி வந்தது.

சரி, ஒரே பட்டியலில் குறையே இல்லையா? இருக்கிறது. நாலு ஆசன மாவட்டத்துக்கு ஏழு பேரை நிறுத்தலாம். ஏழு பேருக்குள் ஒருவர்தான் வெல்வார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் கூட்டணி கையெழுத்தான மறுநாளே, பட்டியலுக்குள் யார் வெல்வது என்று தீர்மானிக்கும் விருப்பு வாக்குக்கான சண்டை தொடங்கிவிடுகிறது. உப்புவெளியிலோ சம்பூரிலோ ஒரு வீட்டு வாசலில் நின்று பாருங்கள். ஒரே வீட்டுச் சின்னம் போட்ட துண்டுப்பிரசுரம் மூன்று வரும், மூன்றிலும் வேறு வேறு இலக்கம். "ஆருக்கு மகன் போடுறது?" என்று வயதான அம்மா கேட்கிறார். மூன்று பேருக்கும் போடலாம் அம்மா, மூன்று விருப்பு வாக்கு இருக்கிறது என்று பொறுமையாகச் சொல்ல யாரும் வருவதில்லை. தன் இலக்கத்தை மட்டும் போடச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

அதைவிடப் பெரிய குறை, ஒற்றுமை ஓர் ஆசனத்தைக் காப்பாற்றும், இரண்டாவதைத் தராது. 2004 இல் இரண்டு வந்ததே என்பார்கள். அப்போது வீடு 68,955, முஸ்லிம் காங்கிரஸ் தனியே நின்று 65,187. மூன்று இனமும் தனித்தனிப் பட்டியலுக்குப் போட்டதால் தமிழ்ப் பட்டியல் முதலாவதாக வந்து போனஸையும் எடுத்தது. பிறகு முஸ்லிம் வாக்கு பெரிய கட்சிப் பட்டியலுக்குள் போய்ச் சேர்ந்தது. 2015 இல் ஐக்கிய தேசியக் கட்சி 83,638, 2020 இல் ஐக்கிய மக்கள் சக்தி 86,394. அந்த இரண்டு தேர்தலிலும் வீடு 50,000 ஐத் தொடவில்லை. எங்கள் ஒற்றுமை எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் முதலிடம் மற்றவர்கள் பிரிவதைப் பொறுத்தது.

அப்போ பெரிய கட்சியில் நாங்களும் ஏறினால் என்ன? இந்த வாதத்தை நான் லேசாகத் தள்ளமாட்டேன். பாதை, வேலை, மீன்பிடித் துறைமுகம் என்று கேட்கிறவனுக்கு அரசாங்கத்துக்குள் ஒருவர் இருப்பது பெரிய விஷயம். ஆனால் விருப்பு வாக்கு இங்கே பொறியாகிறது. 2015 இலும் 2020 இலும் அந்தப் பட்டியல்கள் இரண்டிரண்டு ஆசனம் எடுத்தன, நாலிலும் வென்றவர்கள் முஸ்லிம்கள். அதில் தப்பு எதுவும் இல்லை, 40 சதவீதமான சமூகம் தன் விருப்பு வாக்கைச் சேர்த்துப் போட்டது. அதே பட்டியலில் ஏறிய தமிழ் வேட்பாளர் கட்சிக்கு வாக்குக் கொண்டுவந்தார், தான் வரவில்லை. 2024 இல் காற்று மாறியது, தமிழ் வாக்கும் கணிசமாகத் திசைகாட்டிக்குப் போனது. திருகோணமலையின் அருண் ஹேமச்சந்திரா வென்று பிரதி அமைச்சரானார். இதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் காணி, தொல்பொருள் என்று வரும்போது அரசாங்கக் கட்சி உறுப்பினர் கட்சி முடிவைத் தாண்டிக் கதைக்க முடியாது. 2020 இல் கிழக்கின் தொல்பொருளுக்கென்று ஜனாதிபதிச் செயலணி அமைத்தபோது, அதில் ஆரம்பத்தில் தமிழரும் இல்லை, முஸ்லிமும் இல்லை. அந்த மாதிரி நேரத்துக்குத் தனிக் கட்சி வேண்டும்.

ஜனாதிபதித் தேர்தலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2015 இல் மைத்திரிக்கும் 2019 இல் சஜித்துக்கும் இந்த மாவட்டம் 70 சதவீதத்துக்கு மேல் போட்டது. ஒருவர் வென்றார், மற்றவர் தோற்றார். தெற்கு பிளவுபட்டால்தான் எங்கள் வாக்குக்கு எடை. பொது வேட்பாளர் நாடு முழுவதும் எடுத்தது 226,343, அதாவது 1.7 சதவீதம். உணர்வைக் காட்ட அது உதவியது. பேரம் பேச உதவவில்லை, ஏனென்றால் தமிழரசே சஜித்தின் பக்கம் நின்றது.

மாகாண சபைதான் உண்மையில் கைக்கு எட்டும் இடம். 2012 தேர்தலை எடுங்கள். 37 உறுப்பினர். அப்போதைய ஆளுங்கட்சியான ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 200,044 வாக்கு, தமிழரசு 193,827. வித்தியாசம் 6,217. அந்த வித்தியாசத்துக்கு இரண்டு போனஸ் ஆசனம் போய் அவர்கள் 14, நாங்கள் 11. முஸ்லிம் காங்கிரஸுக்கு 7. போனஸ் இங்கே வந்திருந்தால் 13 உம் 7 உம் 20, ஆட்சி அமைக்கப் போதும். வராததால் 18, ஒன்று குறைவு. ஐக்கிய தேசியக் கட்சியின் நாலு பேரைச் சேர்த்தால் அப்போதும் முடிந்திருக்கும். ஆனால் முஸ்லிம் காங்கிரஸ் ஏற்கெனவே கொழும்பில் அரசாங்கத்தோடு இருந்தது. தேர்தல் முடிந்து பேசப் போனபோது அவர்களுக்கு அங்கே இழப்பதற்கு அமைச்சுப் பதவிகள் இருந்தன, இங்கே எழுத்தில் எதுவும் இல்லை. முதலமைச்சராக நஜீப் அப்துல் மஜீத் வந்தார், ஆளுங்கட்சியின் ஆளாக.

மத்தியில் ஆட்சி மாறியபின் 2015 இல் நஸீர் அஹமட் முதலமைச்சரானார், தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு ஆதரவு கொடுத்து இரண்டு அமைச்சை எடுத்தது. கல்வி அமைச்சு திருகோணமலையின் தண்டாயுதபாணிக்கு வந்தது. ஆக, இணைந்து ஆள முடியும் என்பது செய்து பார்த்த விஷயம். என்ன, ஐந்து வருடத்தில் ஏறத்தாழப் பாதி போனபிறகு, கொழும்பில் காற்று மாறியதால் நடந்தது.

அதனால்தான் சொல்கிறேன், உடன்பாடு வேட்புமனுவுக்கு முன்பே வேண்டும். ஒரே பட்டியல் என்று சொல்லவில்லை. தமிழ்ப் பட்டியல் தமிழாக, முஸ்லிம் பட்டியல் முஸ்லிமாக நிற்கட்டும். சேர்ந்து நின்றால் மூதூரிலும் கிண்ணியாவிலும் அவர்களுக்கு வாக்குக் குறையும், நகரத்திலும் வெருகலிலும் எங்களுக்குக் குறையும். ஆனால் இரண்டு கட்சியும் சனத்துக்கு முன்னால் கையெழுத்து வைக்க வேண்டும்: முதலமைச்சர் பதவி யாருக்கு எத்தனை வருடம், கல்வியும் காணியும் யாரிடம், மத்தியில் அமைச்சுப் பதவி கிடைத்தாலும் மாகாணத்தில் கூட்டை உடைப்பதில்லை என்று. 2017 செப்டம்பரில் கலைந்த சபைக்கு இன்னும் தேர்தல் வைக்கவில்லை. அந்தத் தேர்தலுக்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை 2018 இல் நாடாளுமன்றம் தள்ளிவிட்டது. திகதி அறிவித்தபிறகு உட்கார்ந்தால் யார் எந்த இலக்கத்தில் நிற்பது என்று பேசவே நேரம் போதாது. பேச வேண்டிய இரண்டு கட்சிக்காரரும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள், இப்போது கையில் நேரமும் இருக்கிறது.