டெனான் டிஎல்-103: குறை சொல்றதுக்கு முன்னாடி எந்த ஆர்ம்னு சொல்லுங்க

டிஎல்-103ங்கறது ரெக்கார்ட் ப்ளேயர் கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசி ஆடறத மின் சிக்னலா மாத்தற பாகம். அதப் பத்தி யார்ட்ட கேட்டாலும் ரெண்டு பதில்ல ஒண்ணுதான் வரும். "இதக் கேட்டப்புறம் வேற கார்ட்ரிட்ஜ் பக்கமே போகல" இல்லன்னா "பேஸ் மெலிஞ்சு கெடக்கு, ஹைஸ் மங்கல், இதுக்கா இவ்ளோ பேச்சு". ரெண்டாவது ஆளுகிட்ட எந்த ஆர்ம்ல (கார்ட்ரிட்ஜத் தாங்கற கை) போட்டீங்க, பின்னாடி என்ன ஆம்ப்னு கேட்டுப் பாருங்க, முக்கால்வாசி அங்கேயே விஷயம் தெரிஞ்சுடும். என்கிட்ட இருக்கறது பழைய பீஸ், நல்ல நிலைமைல இருக்கறது, அத வேற வேற ஆர்ம், சிக்னல ஏத்தற வேற வேற ட்ரான்ஸ்ஃபார்மர்னு மாத்தி மாத்திப் போட்டுக் கேட்டதுதான் இந்த ரிவ்யூ.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: 1962ல ஜப்பான் ஒலிபரப்பு நிறுவனம் என்எச்கே-யும் டெனானும் சேர்ந்து ஸ்டுடியோ வேலைக்காக டிசைன் பண்ண மூவிங் காயில் (எம்சி, ஊசியோட சேர்ந்து காயில் ஆடற வகை) கார்ட்ரிட்ஜ். ஊசி சாதாரண கோனிக்கல் (கூம்பு வடிவம்), டிராக்கிங் ஃபோர்ஸ் (ஊசி ரெக்கார்ட அழுத்தற எடை) 2.5 கிராம், எடை 8.5 கிராம், அவுட்புட் 0.3 மில்லிவோல்ட், காயில் இம்பீடன்ஸ் (மின்தடைன்னு வச்சுக்கலாம்) 40 ஓம். பாடி வெறும் பிளாஸ்டிக், பாத்தா ஒரு பந்தாவும் இல்ல. ஆனா முன்னாடி செங்குத்தா ஒரு வெள்ளைக் கோடு போட்டிருப்பாங்க பாருங்க, அலைன்மென்ட் பண்ணும்போதும் ஊசிய எந்த க்ரூவ்ல இறக்கணும்னு பாக்கும்போதும் அந்தக் கோடு பெரிய உதவி. ஸ்க்ரூ ஓட்டைல மரை கிடையாது, நீள ஸ்க்ரூவும் குட்டி நட்டும் போட்டுத்தான் முடுக்கணும், அந்த நட்டு கீழ விழுந்தா தேடறதுக்குள்ள உயிர் போயிடும்.

இப்ப ஆர்ம் விஷயம். ஸ்பெக் ஷீட்ல கம்ப்ளையன்ஸ் (ஊசி எவ்ளோ சுலபமா வளைஞ்சு கொடுக்குதுங்கற அளவு) 5னு போட்டிருக்கும். அத அப்படியே ரெசனன்ஸ் (ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து தானா ஆடற அதிர்வெண்) கணக்குல போட்டுட்டு "ஐயோ என் ஆர்ம்ல 15 ஹெர்ட்ஸ் வருதே"ன்னு பயந்து ஹெட்ஷெல் (கார்ட்ரிட்ஜ மாட்டற ஆர்ம் முனை) மேல காசு காசா ஒட்டறவங்க நிறைய. அந்த 5ங்கறது 100 ஹெர்ட்ஸ்ல அளந்தது, ஜப்பான்காரங்க வழக்கம் அது. நமக்கு வேண்டியது 10 ஹெர்ட்ஸ்ல என்னன்னு, அது தோராயமா ஒன்றரைலேர்ந்து ரெண்டு மடங்கு வரும், நான் 10ன்னு வச்சுக்கறேன். கணக்கு ஈஸிதான், ஆர்மோட எஃபெக்டிவ் மாஸ் (ஆடும்போது ஊசிக்குத் தெரியற எடை), கார்ட்ரிட்ஜ் எடை, ஸ்க்ரூ எடை மூணையும் கூட்டி, கம்ப்ளையன்ஸால பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159ஐ அதால வகுத்தா ஹெர்ட்ஸ் கிடைச்சுடும். 8லேர்ந்து 12க்குள்ள வந்தா நிம்மதியா இருக்கலாம்.

டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 ஆர்ம் எடுத்துக்கோங்க, எஃபெக்டிவ் மாஸ் 12 கிராம். கூட 8.5, ஸ்க்ரூவுக்கு ஒரு கிராம், மொத்தம் 21.5, ரெசனன்ஸ் கிட்டத்தட்ட 10.8 ஹெர்ட்ஸ். பேப்பர்ல ஒரு பிரச்சனையும் இல்ல, கேக்கவும் நல்லாத்தான் இருக்கு, ஆனா கூட வர்ற லேசான ஹெட்ஷெல்லக் கழட்டிட்டு அஞ்சாறு கிராம் அதிகமா இருக்கற கனமான ஷெல் போட்டேன் பாருங்க, ரெசனன்ஸ் 9.6 பக்கம் வந்துச்சு, பேஸ் கிட்டாரோட ஒவ்வொரு தட்டும் தனித்தனியா நிக்க ஆரம்பிச்சுது. ஒரே ஹெர்ட்ஸ் வித்தியாசம்தானேன்னு தோணும். நம்பர விட முக்கியமான விஷயம் என்னன்னா இந்த கார்ட்ரிட்ஜோட சஸ்பென்ஷன் (ஊசியப் புடிச்சிருக்கற ரப்பர்) விறைப்பு, ஊசி ஆடற எனர்ஜில நல்ல பங்க ஆர்முக்குள்ள தள்ளி விடும், ஆர்ம் அசையாம புடிச்சுக்கணும், இல்லன்னா ஊசி ஆடறதுக்குப் பதிலா ஆர்மும் சேர்ந்து ஆடும், அந்த அளவுக்கு சிக்னல் காணாமப் போகும். கனமான ஷெல் போட்டா பின்னாடி சமன் பண்ற கவுண்டர்வெயிட் பத்தாமப் போகலாம், டெக்னிக்ஸோட வர்ற அந்தக் கூடுதல் வெயிட்டத் தூக்கிப் போட்டுடாதீங்க, இதுக்குத்தான் அது.

இதே காரணத்தாலதான் எஸ்எம்இ 3009 சீரிஸ் 3 மாதிரி இறகு கணக்கா இருக்கற ஆர்ம்ல இது செட் ஆகவே ஆகாது. வெறும் 5 கிராம் ஆர்ம் அது, ஷூர் வி15 மாதிரி மெத்துன்னு சஸ்பென்ஷன் இருக்கற கார்ட்ரிட்ஜுக்காகவே பிறந்தது. கணக்குப் போட்டா 13 ஹெர்ட்ஸ்தான் வருது, ரொம்ப மோசமில்லன்னு தோணும், ஆனா கேட்டா குரல்லாம் ஒல்லியாகி, சத்தமான இடத்துல ஒரு கரகரப்பு. ஆர்மும் நல்ல ஆர்ம், கார்ட்ரிட்ஜும் நல்ல கார்ட்ரிட்ஜ், ஜோடிதான் தப்பு. ரெகா ஆர்ம் வச்சிருக்கவங்களுக்கு ஷெல்ல மாத்த முடியாது, கார்ட்ரிட்ஜுக்கும் ஷெல்லுக்கும் நடுவுல மெல்லிசா பித்தளைத் தகடு ஒண்ணு வச்சா போதும், ஆனா தகடு தடிமனுக்கு ஏத்த மாதிரி ஆர்ம் அடில ஸ்பேசரும் வேணும்.

அதுக்காக எவ்ளோ கனமோ அவ்ளோ நல்லதுன்னும் போயிடாதீங்க. ஃபிடெலிட்டி ரிசர்ச் எஃப்ஆர்-64எஸ்னு பழைய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆர்ம் இருக்கு, 35 கிராம். இது கூட போட்டா 7.5 ஹெர்ட்ஸ், ரெக்கார்ட் தட்டையா இருந்தா பிரமாதம், கொஞ்சம் வளைஞ்சிருந்தா வூஃபர் கோன் உள்ள வெளியன்னு மூச்சு வாங்கும். என்கிட்ட இருக்கற ரெக்கார்ட்ல பாதி வளைஞ்சதுதான், அதனால எனக்கு வேண்டாம். 15லேர்ந்து 20 கிராம் ஆர்ம்தான் இதுக்கு சொந்த வீடு.

ஆம்ப் பக்கம் வந்தா இன்னும் கூத்து. 0.3 மில்லிவோல்ட்ங்கறது சாதாரண மூவிங் மேக்னட் (எம்எம், காயிலுக்குப் பதிலா காந்தம் ஆடற வகை) கார்ட்ரிட்ஜ் தர்றதுல பத்துல ஒரு பங்கு, அதனால எம்எம் இன்புட்டுக்கு முன்னாடி வோல்டேஜ ஏத்தற ஸ்டெப்-அப் ட்ரான்ஸ்ஃபார்மர் போடலாம், இல்லன்னா 60 டெசிபலுக்கு மேல கெயின் (சிக்னலப் பெருக்கற அளவு) இருக்கற எம்சி ஃபோனோ ஸ்டேஜ் (கார்ட்ரிட்ஜ் சிக்னலுக்கான முன் ஆம்ப்). ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கறவங்க பெரும்பாலும் "எவ்ளோ அதிகமா ஏத்துதோ அவ்ளோ நல்லது"ன்னு 1:30, அதாவது முப்பது மடங்கு ஏத்தற ரேஷியோ வாங்கிடறாங்க. நில்லுங்க. எம்எம் இன்புட் 47 கிலோஓம், அத ட்ரான்ஸ்ஃபார்மர் வழியா கார்ட்ரிட்ஜ் பாக்கும்போது ரேஷியோவோட வர்க்கத்தால வகுத்துத்தான் தெரியும். 1:10ல 470 ஓம், 1:20ல 117, 1:30ல வெறும் 52. காயிலே 40 ஓம், அதுக்கு 52 ஓம் லோடு கொடுத்தா பாதி சிக்னல் காயிலுக்குள்ளயே கரைஞ்சுடும். கணக்கப் பாருங்க, 1:10ல 2.8 மில்லிவோல்ட் கிட்ட கிடைக்குது, 1:20ல 4.5, 1:30க்குப் போனா 5.1தான். இவ்ளோ சண்டை போட்டு 1:20ஐ விடக் கிடைச்ச லாபம் ஒரு டெசிபல், போனது சத்தத்துல இருந்த துடிப்பு மொத்தமும். அந்த மாதிரி ட்ரான்ஸ்ஃபார்மர் ஆர்டோஃபோன் எஸ்பியூ மாதிரி 2 ஓம் காயிலுக்குச் செஞ்சது, அங்க போட்டா தேவாமிர்தம், இங்க போட்டா தூக்கம் வரும். "டிஎல்-103 மந்தமா இருக்கு"ன்னு சொல்றவங்கள்ல பல பேரோட வில்லன் இந்த ரேஷியோதான்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

என் ஓட்டு 1:10க்கு. உங்க ஃபோனோ ஸ்டேஜ் கெயின் கம்மியா, வால்யூம ரொம்பத் திருக வேண்டியிருக்கா, அப்ப 1:20, அதுக்கு மேல வேண்டாம். ட்ரான்ஸ்ஃபார்மர டர்ன்டேபிள் மோட்டார்லேர்ந்தும் ஆம்போட பவர் ட்ரான்ஸ்ஃபார்மர்லேர்ந்தும் தள்ளி வைங்க, ஹம் வந்தா ஒரு பக்கமா லேசா திருப்பிப் பாருங்க, சில சமயம் அந்தத் திருப்புலயே அடங்கிடும். அதுலேர்ந்து ஃபோனோ இன்புட்டுக்குப் போற கேபிள் முடிஞ்சவரைக்கும் குட்டையா இருக்கட்டும்.

எம்சி ஃபோனோ ஸ்டேஜ்னா லோடிங்க (கார்ட்ரிட்ஜுக்குத் தெரியற ஓம் அளவு) 100 ஓம்ல ஆரம்பிங்க, எனக்கு 300, 400 பக்கம்தான் திறந்து கேக்குது, அது ரசனை. இப்ப வர்ற, வோல்டேஜுக்குப் பதிலா கரண்டப் பெருக்கற கரண்ட் மோட் ஃபோனோ ஸ்டேஜ் மட்டும் இதுக்கு வேண்டாம், அதெல்லாம் காயில் ரெசிஸ்டன்ஸ் கம்மியா இருந்தாத்தான் நல்லா வேலை செய்யும், 40 ஓம்ல கெயின் பத்தாம இரைச்சல் மேல வந்துடும்.

எல்லாம் செட் ஆனப்புறம் சத்தம் எப்படின்னா, நடு பாகம்தான் இதோட உயிர். குரல், பியானோ, சாக்ஸபோன் எல்லாம் சதையோட வரும், ஒல்லியா எதுவுமே கேக்காது. டிரம்ஸ் அடில ஒரு உதை இருக்கு, விலை உயர்ந்த நவீன கார்ட்ரிட்ஜ் பலதுல அது எனக்குக் கிடைக்கல. நுணுக்கம்னு பாத்தா க்ரூவ் சுவர மெல்லிய கோடா தொடற லைன் கான்டாக்ட் ஊசி இத சுலபமா தாண்டிடும், சிம்பல் அடிச்சா அந்த இழை கடைசி வரைக்கும் இங்க கேக்காது. அதவிடப் பெரிய குறை ரெக்கார்டோட உள் பக்கம், கடைசிப் பாட்டு சத்தமா இருந்தா "ஸ" எல்லாம் சீறும், கோனிக்கல் ஊசி அந்த நெருக்கமான க்ரூவ்ல திணறும், எந்த ஆர்ம் போட்டாலும் எந்த ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் இது மாறல. ஓபரா, பெரிய ஆர்கெஸ்ட்ரான்னு க்ளைமாக்ஸ் உள்பக்கத்துல முடியற ரெக்கார்டுதான் உங்க கலெக்‌ஷன்னா இது உங்களுக்கு இல்ல.

பிளாஸ்டிக் பாடியக் கழட்டிட்டு அலுமினியம், மரம்னு மாத்தறது ஒரு தனி மதமாவே ஓடுது. வித்தியாசம் இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா அதுல ஒரு பங்கு கூடின எடையால வர்றதுதான்னு எனக்கு பலமான சந்தேகம், கனமான ஷெல் அதையே ஆபரேஷன் இல்லாம செய்யுது.

பழைய பீஸ் கிடைச்சு வாங்கறீங்கன்னா ஊசியவிட முதல்ல சஸ்பென்ஷனப் பாருங்க. ரப்பர் வருஷக்கணக்குல இறுகியிருந்தா 2.5 கிராம் கொடுத்தும் கான்டிலீவர் (ஊசியத் தாங்கற குச்சி) அசைஞ்சே கொடுக்காது, இளகிப் போயிருந்தா பாடி வந்து ரெக்கார்ட உரசும், ரெண்டுமே வேண்டாம். வாங்கிட்டு ரீடிப் (புது ஊசி மாத்தறது) பண்ணிக்கலாம்னு நினைச்சா, போரான் கான்டிலீவரும் லைன் கான்டாக்ட் ஊசியும் போட்டு வாங்கறது உங்க இஷ்டம், உள் க்ரூவ் சீறல் நிச்சயமா குறையும், ஆனா நான் மேல சொன்ன சதையும் உதையும் அப்படியே இருக்கும்னு எதிர்பாக்காதீங்க. டிஎல்-103 இப்பவும் புதுசா தயாராகுது, பழசுக்கு விலை ஏத்திச் சொன்னா புதுசே வாங்கிட்டு மிச்சத்துல நல்ல 1:10 ட்ரான்ஸ்ஃபார்மர் பாருங்க.