ராமேஸ்வரம் – அரிச்சல்முனை 1,248 கிலோமீட்டரா? தூரக் கணக்கைத் திருத்த மூன்று வழிகள்

அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரிகளை ராமேஸ்வரத்துக்கு 9.29, 79.31, தனுஷ்கோடி முனையான அரிச்சல்முனைக்கு 9.15, 79.45 என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். நேர்க்கோட்டில் 21.9 கி.மீ. வர வேண்டும். இதைக் கணக்கிடப் புதிதாகக் கணினி நிரல் எழுதுகிறவருக்கு 1,248 வந்து நிற்கும். நிரலில் சைனும் கொசைனும் கோணத்தை ரேடியன் என்ற அலகில் கேட்பவை. டிகிரியை அப்படியே ஊட்டியதன் பலன் அது.

முதல் வழி, பிதாகரஸ். டிகிரி வித்தியாசத்தை 111.2 ஆல் (ஒரு டிகிரிக்கு இத்தனை கி.மீ.) பெருக்கி, வர்க்கம் கூட்டி, மூலம் எடுத்தால் 22.0 கி.மீ.; 140 மீட்டர் கூடுதல். தீர்க்கரேகை வித்தியாசத்தை மட்டும் சராசரி அட்சரேகையின் கொசைனால் (இங்கே 0.987) பெருக்கிவிட்டால் அதுவும் சரியாகிவிடும். மண்டபம், பாம்பன், கீழக்கரை அளவிலான தூரத்துக்கு இதுவே தாராளம்.

இரண்டாவது, உருண்டையின் மேல் தூரம் கணக்கிடும் ஹாவர்சைன் சூத்திரம். எவ்வளவு தூரத்துக்கும் தாங்கும், ஆனால் சறுக்க இடம் அதிகம். வர்க்கத்துக்கு ^ போட்டால் பைத்தான் நிரல்மொழி பிழை காட்டி நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியோ வாயே திறக்காமல் தப்பான விடை தரும். இரண்டிலும் ** போடுங்கள். ரிட்டர்ன் எழுதாமல் பிரிண்ட்டோடு விட்டால், பைத்தானில் அந்த ஃபங்ஷனை அழைத்த இடத்துக்கு None, அதாவது 'ஒன்றுமில்லை' தான் போய்ச் சேரும். புவியின் ஆரம் 6371 என்றால் விடை கி.மீ.; படகுக்காரருக்கு வேண்டியது கடல் மைல் என்றால் 1.852 ஆல் வகுங்கள், 11.8 வரும்.

மூன்றாவது, பைத்தானுக்கான ஜியோபை (geopy) லைப்ரரியில் உள்ள ஜியோடெசிக் (geodesic) ஃபங்ஷன். பூமியை உருண்டையாக அல்லாமல் சற்றுத் தட்டையாக எடுத்துக்கொள்வதால், இங்கே ஹாவர்சைனைவிட ஏறத்தாழ 45 மீட்டர் குறைவாகச் சொல்லும். அதுதான் துல்லியம்.

ஆனால் இந்த 45, 140 மீட்டருக்காகச் சண்டை போடுகிறவர்கள் உள்ளே போகும் எண்ணைப் பார்ப்பதில்லை. வரைபடத் தரவுக்கான ஜியோஜேசன் (GeoJSON) கோப்பில் தீர்க்கரேகைதான் முதலில் வரும். அதே வரிசையில் ஹாவர்சைனுக்குக் கொடுத்தால் 15.8 கி.மீ. என்று சொல்லும். 1,248-ஐப் பார்த்தால் சிரிப்பு வரும், இதைப் பார்த்தால் நம்பிக்கை வரும்! படகு ஜிபிஎஸ் 9°17.4' என்று காட்டுவதை 9.174 என்று எழுதுவதும் இதே ரகம். நிமிடத்தை 60 ஆல் வகுத்தால்தான் 9.29. நான்கு எண்ணையும் அப்படி எழுதினால் விடை 13.1 கி.மீ. இந்த இரண்டையும் மூன்று வழிகளில் எதுவும் பிடிக்காது.

எனவே முதலில் ஹாவர்சைனைக் கையால் எழுதி, ஜியோடெசிக்கோடு ஒத்துப் பாருங்கள். அரை சதவீதத்துக்கு மேல் விலகினால் தப்பு சூத்திரத்தில். இரண்டும் ஒத்துப்போயும் விடை உறுத்தினால், எண்களை மேப்பில் புள்ளியாக வைத்துப் பாருங்கள்: இடம் மாறிய ராமேஸ்வரம் ஆர்க்டிக்கில் கிடக்கும்.