பூவேலைக் கம்பளியா, அச்சிட்ட பருத்தியா: ஒரு நினைவுச் சட்டகத்துக்கான துணிச் சின்னங்கள்

என் மனைவியின் தாத்தா, பிரிட்டிஷ் காலாட்படையின் ஹாம்ப்ஷயர் ரெஜிமென்டில் 7ஆவது பட்டாலியனின் சிப்பாயாக இருந்து, 1944 ஜூலை 10 அன்று நார்மண்டியில் மால்தோ என்னும் சிற்றூருக்காக நடந்த சண்டையில் உயிரிழந்தார். அவருடைய பதக்கங்களும், ஸ்டுடியோவில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படமும் மட்டுமே வீட்டில் எஞ்சியிருக்கின்றன. சீருடையில் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. அவற்றோடு அவர் சட்டைக் கையில் இருந்திருக்க வேண்டிய துணிச் சின்னங்களையும் சேர்த்து ஒரு சட்டகம் செய்ய விரும்பியபோதுதான், கடைகளில் கிடைப்பவற்றுள் எது சரியானது என்ற கேள்வி எவ்வளவு சிக்கலானது என்று புரிந்தது.

முதலில் அவர் எதை அணிந்தார் என்பதை உறுதிசெய்ய வேண்டும். இதற்குப் பலரும் படத்தையே நம்புகிறார்கள். நான் அதைக் கடைசிச் சான்றாகவே வைப்பேன். அக்காலப் படச்சுருள்களில் சில, சிவப்பை ஏறக்குறையக் கறுப்பாகவே பதிவுசெய்தன. ஆகவே தோளில் ரெஜிமென்டின் பெயரைத் தாங்கும், சாதாரணக் காலாட்படையின் செந்நிறப் பட்டையும் ரைஃபிள் ரெஜிமென்டுகளின் கரும்பச்சைப் பட்டையும் படத்தில் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். இறந்தவர்களின் விஷயத்தில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவு இதைவிட நம்பத்தக்கது, ஏனெனில் அதில் பொதுவாக ரெஜிமென்டோடு பட்டாலியனும் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அது இறந்த நாளின் நிலையை மட்டுமே சொல்லும். ஒருவர் ஒரு ரெஜிமென்டில் சேர்ந்து, பயிற்சி முடித்து, வேறொன்றுக்கு மாற்றப்பட்டு, மூன்றாவதில் போரிட்டிருப்பது அரிதன்று; அந்த மாற்றங்களைத் தேதியோடு காட்டுவது ராணுவப் பணிப் பதிவேடு ஒன்றுதான். அது கைக்கு வரும்வரை எதையும் வாங்காமல் காத்திருப்பதே நல்லது.

அடுத்து, சட்டைக் கையில் மேலிருந்து கீழாக மூன்று அடையாளங்கள் இருந்தன. தோள் தையலுக்குச் சற்றுக் கீழே ரெஜிமென்டின் பெயர் பொறித்த வளைந்த பட்டை. அதன் கீழே டிவிஷனின் சின்னம் (சில பட்டாலியன்கள் சேர்ந்தது ஒரு பிரிகேடு; சில பிரிகேடுகள் சேர்ந்தது ஒரு டிவிஷன்). அதற்கும் கீழே இரண்டு அங்குல நீளமும் கால் அங்குல அகலமும் கொண்ட சிவப்புக் கீற்றுகள். பெயர்ப்பட்டை மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது, இரண்டு ஹாம்ப்ஷயர் வீரர்களை அருகருகே வைத்துப் பாருங்கள் என்பதே. 1943 செப்டம்பரில் இத்தாலியின் சலெர்னோவில் கரையிறங்கிய 128ஆவது பிரிகேடிலும் ஹாம்ப்ஷயர் பட்டாலியன்களே இருந்தன, ஆனால் அவை 46ஆவது டிவிஷனைச் சேர்ந்தவை. அவற்றின் சின்னம் ஓக் மரம். எங்கள் தாத்தாவின் 7ஆவது பட்டாலியனோ 43ஆவது வெசெக்ஸ் டிவிஷனின் 130ஆவது பிரிகேடில் இருந்தது. அதன் சின்னம் நீலச் சதுரத்தில் பொன்னிறத்தில் அமைந்த வைவர்ன், அதாவது இரண்டு கால்களும் சிறகுகளும் உடைய புராண விலங்கு. பெயர்ப்பட்டை இருவருக்கும் ஒன்றே. இத்தாலியையும் நார்மண்டியையும் பிரித்துக் காட்டுவது டிவிஷன் சின்னந்தான்.

கீற்றுகளின் எண்ணிக்கை இன்னும் நுணுக்கமானது. டிவிஷனின் மூத்த பிரிகேடுக்கு ஒன்று, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று என்பது விதி. வெசெக்ஸ் டிவிஷனின் பிரிகேடுகள் 129, 130, 214 என்பதால் 7ஆவது பட்டாலியனுக்கு உரியவை இரண்டு கீற்றுகள். இவை மலிவான சிறு துணித் துண்டுகள்; சட்டகத்தில் பலர் விட்டுவிடுவதும் இவற்றைத்தான். பிரிகேடு வரை ஒருவரை அடையாளம் காட்டும் துண்டை விட்டுவிடுவது எனக்குப் பெரிய இழப்பாகவே தோன்றுகிறது.

பெயர்ப்பட்டையில் காலப் பொருத்தத்தையும் பார்க்க வேண்டும். வண்ணப் பெயர்ப்பட்டைகளைக் காலாட்படை முழுவதும் அணிவதற்கு முறையான அனுமதி 1943 ஜூனில்தான் வந்தது. அதற்கு முன் விதிப்படி இருந்தது தோள்வாரில் செருகும் காக்கித் துண்டும் கறுப்பு எழுத்துகளும். எனவே 1940இல் டன்கிர்க்கில் இறந்தவரின் படத்தருகே செந்நிறப் பட்டையை வைப்பது பொருந்தாது. ஹாம்ப்ஷயர் ரெஜிமென்டுக்கு ‘ராயல்’ என்ற அடைமொழி 1946இல் வழங்கப்பட்டது. லிங்கன்ஷயருக்கும் லெஸ்டர்ஷயருக்கும் அதே ஆண்டில்தான். ‘ராயல் ஹாம்ப்ஷயர்’ என்று பொறித்த பட்டை, அசலாகவே இருந்தாலும், போருக்குப் பிந்தைய கட்டாயப் படைச்சேவைக்காரர்களுடையது. எனக்கு முதலில் விற்கவந்த பட்டை இதுதான். அழகாகவும் பழுதில்லாமலும் இருந்தது. ஆனால் அந்தச் சொல் தாத்தா இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகே பிறந்தது.

இனி, எந்த வகைத் துணி என்பது. கம்பளி ஃபெல்ட்டில் வெள்ளை நூலால் பூவேலை செய்த பட்டைதான் கண்ணுக்கு நிறைவானது. விற்பவர்களும் அதையே முன்னே வைப்பார்கள். இதன் குறை என்னவென்றால், போர்க்காலத்ததும் 1950களைச் சேர்ந்ததும் பல ரெஜிமென்டுகளில் கண்ணால் பிரித்தறிய முடியாதவை. அந்துப்பூச்சி அரிப்பதும் இதைத்தான். அச்சிட்ட பருத்திப் பட்டையோ போர்க்காலச் சிக்கனத்தின் விளைவு: மான்செஸ்டரில் காலிகோ என்னும் சாதாரணப் பருத்தித் துணியில் அச்சிடும் நிறுவனங்கள் நீளத் துணியில் வரிசையாக அச்சிட்டுத் தந்ததை வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்தார்கள். எழுத்து தட்டையாக இருக்கும், வெட்டிய ஓரம் பிரியும், பார்ப்பவர் இதை மட்டமான நகல் என்றே எண்ணக்கூடும். ஆனால் 1944இல் போர்க்களத்தில் இருந்த ஒரு சாதாரணச் சிப்பாய்க்கு நான் தேர்ந்தெடுப்பது இதையே. வழங்கப்படாமல் கிடங்கில் தங்கிவிட்டவை இன்றும் புத்தம் புதிதாகத் தோன்றும் என்பதால், புதுமை ஒன்றை வைத்து இதைப் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது.

மூன்றாவது வகை, போர் நடந்த நாட்டிலேயே தைக்கப்பட்டவை. பர்மாப் போரின்போது இந்திய எல்லையோரக் கோஹிமாவில் போரிட்ட 2ஆவது டிவிஷனின் குறுக்குச் சாவிச் சின்னத்தை இந்தியக் கடைத்தெருத் தையற்காரர்கள் பருத்தியில் கையால் தைத்துக் கொடுத்தார்கள். கோணலும் தையல் வேறுபாடும் அவற்றின் இயல்பு. பர்மாப் போரில் இருந்தவரின் குடும்பத்துக்கு இது மிகப் பொருத்தமானது, எங்களுக்கு அன்று.

நகலை நான் இழிவாகக் கருதுவதில்லை. அசல் கிடைக்காதபோது, நகல் என்று எழுதி வைக்கப்பட்ட நகல், தவறான காலத்து அசலைவிட மேலானது. அசல் என்று சொல்லி விற்கப்படும் நகலுக்குத்தான் அஞ்ச வேண்டும். புறஊதா விளக்கில் வெண்ணூல் பளீரென நீலமாக ஒளிர்ந்தால் போருக்குப் பிந்தைய நூலாக இருக்க வாய்ப்புண்டு. ஆயினும் பழைய துணியைப் பிற்காலச் சலவைத்தூளில் துவைத்திருந்தாலும் அது ஒளிரும் என்பதால், இந்தச் சோதனை ஒன்றையே தீர்ப்பாகக் கொள்ள முடியாது. பிரிந்த ஒரு நூலிழையைச் சுட்டால், கம்பளியாயின் முடி கருகும் நாற்றம் வரும்; பிற்காலத்துப் பாலியெஸ்டராயின் உருகி மணியாகும். இது கூடுதல் உறுதி.

வாங்கிய எதையும் நனைக்க வேண்டாம். சிவப்புச் சாயம் வெள்ளை எழுத்தில் இறங்கிவிடும். கம்பளிப் பட்டையானால் காற்றுப் புகாத பையில் இட்டு, உறைபெட்டியில் மைனஸ் 18 பாகை செல்சியஸில் இரண்டு வாரம் வைத்தால் அந்துப்பூச்சியின் முட்டைகள் அழியும். அமிலமற்ற அட்டைமேல் துணி விரித்து, பசையைத் தொடாமல், பருத்தி நூலால் நான்கு தையல் போட்டால் போதும்.

எங்கள் சட்டகத்தில் அச்சிட்ட பெயர்ப்பட்டையும், முன்னோக்கிப் பார்க்கும் வைவர்னும், இரண்டு கீற்றுகளும் இருக்கின்றன. கீழே உள்ள சீட்டில், பெயர்ப்பட்டையும் கீற்றுகளும் அக்காலத்தவை என்றும், வைவர்ன் நகல் என்றும், எதுவும் அவர் அணிந்ததன்று என்றும் மனைவி தன் கையால் எழுதியிருக்கிறாள். துணியின் சாயம் மங்காதிருக்க 50 லக்ஸுக்கு (ஒளியளவின் அலகு) மேல் ஒளி விழாத இடம் வேண்டும் என்பதற்காக, அதைக் கூடத்தில் மாட்டாமல் மாடிப்படித் திருப்பத்தில் மாட்டியிருக்கிறோம்.